போதுமென்ற மனமும் பொன் செய்த மார்பும்

நல்வாழ்வு என்பது யாது? இவ்வினாவை எழுப்பாத சமயம் இல்லை. இதற்கு விடை கூற முயலாத அறிஞரும் இலர். ஆயினும் நம் குடும்பங்களில், திருமண மண்டபங்களிலும் துக்க வீடுகளிலும், நாம் காதாரக் கேட்பவை இரண்டு விடைகளே. 'நிறையச் சேர்த்தார், நன்றாக வாழ்ந்தார்' என்பது ஒன்று. 'இருப்பதைக் கொண்டு திருப்தி அடைந்தார். நன்றாக வாழ்ந்தார்' என்பது மற்றொன்று. முதல் விடை மகனுக்குப் பெண் பார்க்கும் போது கைகொடுக்கிறது. இரண்டாம் விடை, கூலியை உயர்த்திக் கேட்பவனுக்கு அறிவுரை கூறும் போது கைகொடுக்கிறது. இவ்விரண்டு விடைகளும் பிழையானவை என்பதே நம் வாதம். இதனை நிறுவ வேதாந்த நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. கோலார் தங்கவயல் என்னும் ஓர் ஊரின் கதையே போதும்.

ஸ்கெலட்டன், மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம், கோரமண்டல் என்று தங்கவயலின் எந்தக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும், அங்கு மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிச் சீமைகளிலிருந்து புலம்பெயர்ந்த நம் மக்கள். தெலுங்கரும் கன்னடரும் அவர்களோடு தோளுரசி வாழ்ந்தனர். எலும்புக்கூடு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராகத் தாங்கும் ஸ்கெலட்டனில் சதையும் உயிருமாக மனிதர் வாழ்ந்தனர். அவர்கள் வாழ்ந்தது நல்வாழ்வா அன்றா? இன்று பெங்களூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் அவர்தம் பேரப் பிள்ளைகளுள் பலர், 'பாவம், தாத்தா வாழ்வு வீணாயிற்று' என்கின்றனர். வேறு சிலர், 'அந்தக் காலம்! தங்கவயல் ஒரு குட்டி இங்கிலாந்து!' என்று கண் கலங்குகின்றனர். இரக்கமும் ஏக்கமும் உண்மையை மறைக்கும் இரண்டு திரைகள். அவற்றை விலக்கிப் பார்ப்போம்.

பொன்னின் கணக்கு

சேர்ப்பதே நல்வாழ்வு என்பாரின் கட்சியை முதலில் ஆராய்வோம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அன் சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1962இல் மத்திய அரசு பெற்றுக்கொண்டது; 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று; 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இந்த நூற்றிருபது ஆண்டுகளில் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். குண்டுமணிப் பொன்னுக்கு அண்ணன் தம்பி வழக்காடும் நம் நாட்டில் 800 டன் என்பது மனத்தால் எண்ணிப் பார்க்கவும் இயலாத அளவு.

பொன் குவிவதே நல்வாழ்வு எனின், வையத்தில் நல்வாழ்வுக்குத் தலைநகராகத் தங்கவயல் அன்றோ விளங்கியிருக்க வேண்டும்? நடந்தது யாது? பொன், முதலில் இலண்டன் பங்குதாரர்க்கு ஆதாயமாயிற்று. பின்னர் அரசின் கருவூலம் சென்றது. ஊரில் தங்கியது, பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண்மேடு. சயனைட் மலை என்று நம்மவர் அழைக்கும் அம்மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு கிடக்கிறது. காற்றடிக்கும் பருவத்தில் அதன் தூசு வீட்டுக்குள்ளும் மூச்சுக்குள்ளும் புகும். மலையைப் பின்னணியாக்கித் திரைப்படக் காட்சி எடுப்போர் வந்து போவர். தூசு மட்டும் போவதில்லை.

'அது கம்பெனியின் பொன். தொழிலாளியின் பொன் ஆகுமா? அவன் கையில் சேர்ந்திருந்தால் அவனும் நன்றாக வாழ்ந்திருப்பான்' என்று மறுப்பார் உளர். உழைத்தவனுக்கு உரிய பங்கு சேரவில்லை என்பதில் நமக்கும் அவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. பசித்தவனுக்குப் பணம் வேண்டாம் என்று கூற நாம் துறவியும் அல்லேம். பொருளின்றி நல்வாழ்வு இல்லை என்பது வேறு, பொருளே நல்வாழ்வு என்பது வேறு. வள்ளுவர் பொருள்செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். நல்குரவின் கொடுமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவற்றோடு நில்லாமல், பயன்படாது கிடக்கும் பொருளை இகழ்வதற்கு 'நன்றியில் செல்வம்' என்று மற்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். முதல் இரண்டை நினைவில் வைத்து மூன்றாவதை மறந்தவரே சேர்ப்புக் கட்சியார்.

பொன் செய்த மருந்து

இனி, திருப்திக் கட்சியார் பக்கம் திரும்புவோம். இவர்தம் கொடியில் பொறித்திருக்கும் பழமொழி நாம் அனைவரும் அறிந்தது: 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து.' வேறெங்கும் இப்பழமொழி செல்லுபடியாகலாம். தங்கவயலில் செல்லாது. ஏனெனில் பொன் எதனால் செய்யப்படுகிறது என்பதைத் தங்கவயல் மக்கள் தம் உடம்பால் அறிந்தவர்கள்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வாழத்தில் பாறையே தீயாய்ச் சுடும். மேலிருந்து அழுத்தும் எடை தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். அதில் சிக்கியோர் உடலை மீட்பதும் அரிது. இவை கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துகள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, பாறையைத் துளையிடும் போது எழும் பொடி. மணற்சத்து நிறைந்த அப்பொடி நுரையீரலில் படிந்து அதனைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். சிலிகோசிஸ் என்னும் இந்நோய்க்கு முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. 1940க்கும் 1946க்கும் இடையே தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. பொன் செய்தது மனம் அன்று, அன்பர்களே, மார்பு.

இம்மனிதரிடம் சென்று 'போதும் என்று இரு' எனக் கூறுவது அறமா? எது போதும்? பாதி மூச்சுப் போதுமா? தட்டி அடைத்த ஓரறைக் குடில் போதுமா? 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 140 கிலோமீட்டருக்கும் அப்பால் தங்கவயலுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905இல்தான். ஆசியா வியந்த அந்த மின்சாரம் முதலில் எதற்கு வந்தது? இயந்திரத்திற்கு வந்தது, தொழிலாளியின் குடிலுக்கு வரவில்லை. கம்பெனி 'நீராவி போதும்' என்று மனநிறைவு கொண்டதா? இல்லை. பங்குதாரர் 'ஆதாயம் போதும்' என்றனரா? அதுவும் இல்லை. போதும் என்னும் உபதேசம் எக்காலத்தும் மேலிருந்து கீழ்நோக்கியே பாய்கிறது. கீழிருந்து மேலே ஏறியதாக வரலாறு இல்லை.

தூசியை அடக்க நீர் பாய்ச்சித் துளையிடுவது, காற்றோட்டம், மார்புப் பரிசோதனை, நோயுற்றோர்க்கு நட்ட ஈடு, இவற்றுள் எதுவும் போதுமென்ற மனத்தில் விளையும் பயிர் அன்று. போதாது என்று கூறிய வாய்களால் விளைந்தவை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே நோயுற்ற தொழிலாளர் வழக்காடினர். சுரங்க நிறுவனங்கள் 500 கோடி ராண்டு அளவில் ஈடு வழங்கும் உடன்படிக்கைக்கு ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் 2019இல் ஒப்புதல் அளித்தது. அவர்கள் திருப்தியோடு இருமிக்கொண்டு வீட்டில் அமர்ந்திருந்தால் அது கிட்டியிருக்குமா?

விரலின் மானம்

அவ்வாறாயின் நல்வாழ்வுக்கு வேண்டுவது கூலியும் மருந்தும் மட்டுமா? இவ்விடத்தில் தங்கவயல் நமக்குக் கற்பிப்பது நுட்பமான பாடம்.

1930ஆம் ஆண்டில் தங்கவயலில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். இன்றைய நம் இளைஞரிடம் கேட்டால், கூலி உயர்வுக்காக இருக்கும் என்பர். முதன்மைக் காரணம் அதுவன்று. ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டது. கைரேகை எடுப்பது குற்றவாளிக்குச் செய்வது என்பது அக்கால மக்களின் உணர்வு. தங்கம் களவு போகும் என்னும் ஐயத்தோடு ஏற்கெனவே சோதிக்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். 'உழைக்கும் எம் விரல் கள்வனின் விரல் அன்று' என்பதே அவர்தம் மறுப்பின் பொருள். வாரக்கணக்கில் அடுப்பு எரியாத வீடுகளோடு அவர்கள் நின்றனர். திட்டம் கைவிடப்பட்டது.

இதனைச் சேர்ப்புக் கட்சியார் எங்ஙனம் விளக்குவர்? அவ்வேலைநிறுத்தத்தால் ஒரு காசும் சேரவில்லை. இருந்த கூலியும் போயிற்று. திருப்திக் கட்சியார் எங்ஙனம் விளக்குவர்? விரலை மையில் தோய்த்துவிட்டுப் போவதற்கு மனநிறைவு தடையா? இருவர் கணக்கிலும் அடங்காத ஒன்றை அவர்கள் நல்வாழ்வின் உறுப்பாகக் கருதினர். அதற்கு மானம் என்று பெயர்.

மானத்தின் அருமை அவர்க்குத் தெரிந்ததில் வியப்பில்லை. தங்கவயலுக்கு வந்தோருள் பெரும்பகுதியினர் ஊரில் சேரிக்கு ஒதுக்கப்பட்டவர். பண்ணை அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டுக் கைநிறையக் காசு எண்ணி வாங்கும் வேலையைத் தேடி வந்தவர். ஊரில் தோளில் துண்டு போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் இங்குச் சட்டை அணிந்து நடந்தான். பூமிக்கடியில் இறங்கும் வேலையையும் அவன் விடுதலையாகக் கண்டான் என்றால், அவன் விட்டு வந்த மேற்பரப்பு எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1946 நவம்பர் 4ஆம் நாள், தொழிற்சங்கப் போராட்டக் காலத்தில், போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் மாண்டனர். தம் வாழ்வினும் பெரிதாக ஒன்றைக் கருதியவர் வாழ்வை 'வீண்' என்று எழுத எந்தப் பேரப் பிள்ளைக்கும் உரிமை இல்லை.

கைத்தொழிலும் கல்வியும்

நல்வாழ்வு பற்றி ஆராய்ந்த மேனாட்டு அறிஞருள் முதன்மையானவர் அரிஸ்டாட்டில். நல்வாழ்வு உடைமையில் இல்லை, செயலில் உள்ளது என்றும், அதற்கு நட்பும் ஓரளவு பொருளும் துணை வேண்டும் என்றும் அவர் கூறியது போற்றத்தக்கது. ஆனால், கையால் உழைப்போர்க்கு ஓய்வு இன்மையால் அத்தகைய வாழ்வு கிட்டாது என்று அவர் கருதினார். தம் இலட்சிய நகரில் குடியுரிமையையே அவர்க்கு மறுத்தார். நம் ஊர்ப் பண்டிதர் பலரும் அவரைப் படியாமலே இதே முடிவுக்கு வந்தவர்கள்.

அரிஸ்டாட்டிலுக்கு மாரிக்குப்பம் விடை கூறியிருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர்தம் பௌத்த இயக்கத்திற்கு மாரிக்குப்பத்தில் வலிமை வாய்ந்த கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 'தமிழன்' இதழுக்கு மறுவாழ்வு அளித்தது எந்தப் பல்கலைக்கழகம்? எந்த சமஸ்தானம்? ஒன்றுமில்லை. 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதனை மீண்டும் நடத்தியது தங்கவயல். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்தது சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை. ஷிப்டு முடித்து, தலையில் படிந்த பொடியைக் கழுவிய கை, அச்சுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தது. படிக்கத் தெரியாதவர்க்கு உரக்கப் படித்தும் காட்டியது. ஓய்வுள்ளவனுக்கே அறிவு வாழ்வு என்ற கோட்பாடு இங்கு உடைந்தது.

இன்னொன்றும் கூறுவோம். 1965இல் தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் அயல்நாட்டு அறிஞரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டனர். உலகம் வியந்தது. அவ்வாழத்திற்கு வழி வெட்டியவன் நம் தொழிலாளி. பொன்னுக்காகத் தோண்டிய குழியில் பொன்னினும் அரிய அறிவு கிடைத்தது. சேர்ப்புக் கணக்கில் இதனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

குறைகளை நாம் மறைக்கவில்லை. மதுவும் வட்டிக் கடனும் பல குடும்பங்களைத் தின்றன. சாதி, மூட்டையோடு மூட்டையாக உடன் வந்தது. பெண்களின் உழைப்புக்கு எந்தப் பதிவேட்டிலும் உரிய இடம் இல்லை. எனினும் உடல் நலிந்த ஊரில் அறிவும் மானமும் கூட்டுறவும் ஓங்கின என்பது வரலாறு. உடல் காக்கப்பட்டிருந்தால் அவர்தம் வாழ்வு முழுமை எய்தியிருக்கும். அதனைக் கெடுத்தது அவர்தம் விதி அன்று. அவர் மூச்சை மலிவாக மதித்த கணக்கு.

நம் வகுப்பாரின் ஒத்திவைப்பு

இனி நம்மையே நோக்குவோம். நாம் கோப்புகளோடு வாழும் எழுத்தர் வகுப்பார். மாதச் சம்பளம், பஞ்சப்படி, ஆண்டு ஊதிய உயர்வு, ஓய்வூதியம் என்னும் நான்கு தூண்கள் மேல் நம் கூரை நிற்கிறது. நம் வகுப்பாரின் தத்துவம் யாது? 'இப்போது சேர்ப்போம், ஓய்வு பெற்ற பின் வாழ்வோம்.' படிக்க விரும்பும் நூலை ஓய்வுக்குப் பின் படிப்போம். பெற்றோரோடு ஓய்வுக்குப் பின் அமர்ந்து பேசுவோம் (அவர்கள் அதுவரை காத்திருப்பார்கள் போலும்!). பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கு வளர்கிறது; வாழ்வுக் கணக்கு வளர்வதில்லை. விடுப்பைச் சேர்த்துப் பணமாக்கலாம்; கழிந்த மாலைப் பொழுதைப் பணமாக்க எந்தக் கருவூலத்திலும் விதி இல்லை.

ஒத்திவைத்த வாழ்வு வந்து சேராது என்பதற்கும் தங்கவயலே சான்று. 2001இல் சுரங்கம் மூடிய போது 3,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஓய்வு பெற்று ஊரில் நிலம் வாங்குவோம் என்றிருந்தவர், நிலுவைத் தொகைக்கும் குடியிருந்த வீட்டின் உரிமைக்கும் ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படிகளிலும் நீதிமன்றப் படிகளிலும் ஏறி இறங்கினர். அவர்தம் மக்கள், விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியைப் பிடித்துப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்பும் வாழ்வை மேற்கொண்டனர். போக இரண்டு மணி நேரத்திற்கு மேல், வர அவ்வளவு. தந்தை பகலைப் பூமிக்கடியில் கழித்தான். மகன் பகலின் இரு முனைகளையும் தண்டவாளத்தில் கழிக்கிறான். இவனுக்கும் 'சம்பளம் வருகிறதே, போதாதா?' என்று உபதேசம் செய்வார் இருக்கின்றனர். பிள்ளையின் முகத்தை அவன் உறங்கும் போது மட்டுமே காணும் தந்தைக்கு எந்தச் சம்பளம் போதும்?

எது நல்வாழ்வு?

மறுத்தது போதும், நிறுவுவது யாது என்று வினவுவீர். கூறுவோம். வேலையால் குலையாத உடல். எவர் முன்னும் கூனாத மானம். பகிர்ந்துகொள்ள உற்றாரும் தோழரும். நாள்தோறும் சிறிதளவேனும் அறிவுக்கும் தாய்மொழிக்கும் கொடுக்க ஒரு பொழுது. இந்நான்கும் கூடியதே நல்வாழ்வு. பொருள் இவற்றுக்கு ஏவலாள். ஏவலாள் வீட்டில் இருக்க வேண்டும்; ஆனால் வீட்டுத் தலைவனின் நாற்காலியில் அவன் அமரக் கூடாது. மனநிறைவோ இந்நான்கும் கைகூடிய பின் தானே வந்து விருந்துண்ணும். இலை போடுமுன் விருந்தாளியைப் பந்தியில் அமர்த்துவோரே திருப்திக் கட்சியார்.

இக்கட்டுரை வெறும் வாய்ப்பந்தலாக முடிதல் ஆகாது. ஆதலின் புலம்பெயர்ந்த குடும்பங்கள் முன் நான்கு வேண்டுகோள் வைக்கிறோம்.

முதலாவது: நம் விழாக்களில் ஒருவரையொருவர் சந்திக்கும் போது சம்பளத்தையும் வீட்டின் சதுர அடியையும் கேட்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். 'உடம்பு எவ்வாறு உள்ளது? என்ன படிக்கிறீர்கள்? யாருக்கு உதவினீர்கள்?' என்று கேட்போம். பிள்ளைகள் நம் வினாக்களிலிருந்தே வாழ்வின் அளவுகோலைக் கற்கின்றனர்.

இரண்டாவது: சுரங்கத்தில் உழைத்த முதியவர் யார் வீட்டில் இருப்பினும் அவரை மார்புப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். முதுமையின் இருமல் என்று ஒதுக்க வேண்டாம். அவர்தம் மருத்துவச் சீட்டுகளையும் வேலைச் சான்றுகளையும் ஒழுங்காகக் கோத்து வைப்போம். கோப்புப் பேணுவதில் கைதேர்ந்த நம் வகுப்பார்க்கு இஃது ஓர் அரிய தொண்டு.

மூன்றாவது: அம்முதியவர் வாய்மொழியைத் தமிழில் எழுதி வைப்போம். எந்த ஷாப்டில் இறங்கினார், எவரோடு உழைத்தார், எந்தப் போராட்டத்தில் நின்றார் என்பன அவரோடு மறைந்து விடலாகாது. கம்பெனியின் வரலாறு அதன் அறிக்கைகளில் உள்ளது. தொழிலாளியின் வரலாறு நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறது. அது நெடுநாள் அமர்ந்திராது.

நான்காவது: சங்கங்கள் ஆண்டுக்கொரு விழாவும் மலரும் என்ற அளவில் நின்றுவிடாமல், மாலைதோறும் திறந்திருக்கும் ஒரு படிப்பகத்தையேனும் நடத்துதல் வேண்டும். மூன்று ஷிப்டு உழைத்தவர் இதழ் நடத்தினர். ஒரு ஷிப்டு உழைக்கும் நமக்கு ஒரு விளக்கும் நாலு பெஞ்சும் பாரமாகுமா?

'தாத்தா வாழ்வு வீணாயிற்று' என்போர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். மூச்சு முட்டும் ஆழத்திலிருந்து ஏறி வந்தவர், மானத்தை விட்டுக்கொடாமல், கூடி நின்று, படித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தார். காற்றும் வெளிச்சமும் உள்ள அறையில் அமர்ந்திருக்கும் நாம் இவற்றுள் எதனைச் செய்கிறோம் என்று கணக்கிட்ட பின்னரே, எவர் வாழ்வு வீண் என்பதைத் தீர்மானித்தல் தகும்.